எவர்சில்வர் கம்பியும் இருநூற்றைம்பது டிகிரியும்

பெமிஜி, மினசோட்டா
மார்ச் 3

பாசத்துக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய ஆர்டிஸ் அக்காவுக்கு, உன் ஒரே தம்பி ஆர்வில் எழுதிக்கொள்வது. இங்கே நான், வெர்னா, மகள் சொல்வெய்க், மாப்பிள்ளை லாக்லன், மூன்று வாரத்துக்கு முன் வந்து சேர்ந்த குட்டி மகாராணி எல்லோரும் சுகம். அங்கே அரிசோனாவில் உன் முழங்கால், உன் எலுமிச்சை மரம், உன் இருமல் மூன்றும் எப்படி இருக்கின்றன என்று எழுதவும். இருமலைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. இந்தக் கடிதம் சுற்றி வளைத்து அங்கேதான் வந்து நிற்கும்.

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன், நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படிக்க வேண்டாம். நான் சிகரெட் பற்ற வைத்து இன்றோடு தொண்ணூற்றெட்டு நாள் ஆகிறது. "பற்ற வைத்து" என்பதை யோசித்துத்தான் எழுதியிருக்கிறேன், ஏன் என்பது பின்னால் வரும். "நீ கிறிஸ்துமஸ் தாண்ட மாட்டே, உன்னை எனக்குத் தெரியாதா"ன்னு போனில் சொன்னாயே, அதை நான் மறக்கவில்லை. அந்த வார்த்தையை ஒரு சீட்டில் எழுதி மீன் குடிசைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். பிடிவாதத்துக்கு அது பெரிய உதவி.

சொல்வெய்க் போட்ட சட்டம் உனக்குத் தெரியும். நன்றி தெரிவிக்கும் நாளுக்கு முந்தின நாள், வான்கோழியை உப்புநீரில் ஊறப்போட்டுக்கொண்டே, வயிற்றைத் தடவியபடி, ஏதோ நகரசபையில் தீர்மானம் வாசிப்பவள் போலச் சொன்னாள்: "அப்பா, தொண்ணூறு நாள் சிகரெட் இல்லாம இருந்தவங்கதான் என் குழந்தையைத் தூக்கலாம். தாத்தாவா இருந்தாலும் சரி, கவர்னரா இருந்தாலும் சரி." நான் லாக்லனைப் பார்த்தேன். அவர் உருளைக்கிழங்கைப் பார்த்தார். நாற்பத்தாறு வருஷப் பழக்கம் அக்கா. பதினேழு வயதில் உன் கைப்பையிலிருந்து திருடித்தான் முதல் சிகரெட்டைக் குடித்தேன், அதற்கு இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அன்று மாலையே லாக்லன் தன்னுடைய பழைய ஆவிப் பெட்டியை என்னிடம் கொடுத்தார். வேப் என்று பிள்ளைகள் சொல்வார்களே, அதுதான். கைக்கு அடக்கமான பேட்டரிப் பெட்டி, மேலே சின்னத் தொட்டி, தொட்டிக்குள் கம்பிச் சுருள், சுருளுக்குள் பஞ்சு. பஞ்சு இனிப்புத் தண்ணீரைக் குடிக்கும், கம்பி சூடாகி அதை ஆவியாக்கும், ஆவியை நாம் இழுக்க வேண்டும். அவர் கல்யாணத்துக்கு முன்னால் தண்டர் பே ஊரில் இருந்தபோது இதை வைத்துத்தான் சிகரெட்டை விட்டாராம்.

பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. முப்பத்தெட்டு வருஷம் இந்த மாவட்டத்தில் இருக்கும் எல்லா அடுப்பையும் டோஸ்டரையும் துணி உலர்த்தியையும் பழுது பார்த்தவன் நான். சூடாகும் கம்பியைப் பற்றி எனக்கு யார் என்ன சொல்லித் தரப் போகிறார்கள் என்று நினைத்தேன். லாக்லன் ஏதோ விளக்க வந்தார். "மாமா, இதுல ரெண்டு மூணு செட்டிங் இருக்கு, அதைக் கொஞ்சம்..." என்று ஆரம்பித்ததும், "மாப்பிள்ளை, நீங்க பொறக்குறதுக்கு முன்னாடியே நான் கம்பி சுத்தினவன்"னு சொல்லி அவர் வாயை அடைத்தேன். இந்த ஒரு வாக்கியத்துக்கு நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

வீட்டுக்குள் ஆவி விடக் கூடாது என்று வெர்னாவின் கட்டளை. அதனால் ஏரியில் பனி கெட்டியானதும் பனியில் துளை போட்டு மீன் பிடிக்கும் என் குடிசையை இழுத்துக்கொண்டுபோய் நடு ஏரியில் நிறுத்தி, அதையே ஆராய்ச்சிக்கூடம் ஆக்கிக்கொண்டேன். டிசம்பர் முழுக்க, பெட்டியோடு வந்த தயார் சுருளில் ஓடியது. அது தீர்ந்ததும் கடைக்குப் போய் வாங்குவதற்கு என் தொழில் கர்வம் இடம் கொடுக்கவில்லை. சுருள் என்பது என்ன, கம்பிதானே. வெர்னாவின் தலைமுடி உலர்த்தியில் அருமையான நிக்ரோம் கம்பி இருக்கிறது, தலைமுடி மாதிரி மெல்லிசு. ஒரு சாண் வெட்டிக்கொண்டேன். மீதியை ஒழுங்காக இணைத்து வைத்தேன், அது ஓடும் என்றுதான் நம்பினேன். ஞாயிற்றுக்கிழமை காலை, பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி, வெர்னா தலை குளித்துவிட்டு உலர்த்தியைப் போட்டாள். அது ஒரு தடவை சிவந்தது, ஒரு தடவை முனகியது, பிறகு அமைதியாகிவிட்டது. அன்று கோயிலில் எங்கள் வரிசையில் வெர்னாவின் முடி நுனி குச்சி குச்சியாக உறைந்து நின்றது. பாஸ்டர் பொறுமையைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். வெர்னா என் பக்கம் திரும்பவே இல்லை.

அந்தக் கம்பியாவது உருப்படியாக வேலை செய்ததா என்றால் அதுவும் இல்லை. மெல்லிய கம்பி அக்கா, உடம்பில் சதை இல்லாத ஆள் மாதிரி, தொட்டால் கோபம். பெட்டியில் நாற்பது வாட் வைத்துப் பொத்தானை அமுக்கினேன். கண் சிமிட்டுவதற்குள் பழுத்தது, பஞ்சு கருகியது, தொண்டையில் எரிந்த சாக்கு வாசனை. பத்துக் குடிசை தள்ளி மீன் பிடித்துக்கொண்டிருந்த டுவேன் பெல்லாஞ்சர் மோப்பம் பிடித்துக்கொண்டு வந்துவிட்டான். உனக்கு டுவேனை ஞாபகம் இருக்கும், பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவன், இதயத்தில் குழாய் வைத்த பிறகு அவனும் சிகரெட்டை விட்டு ஆவிக்கு மாறிவிட்டான்.

"யோவ் ஆர்வில், உள்ள என்ன, பூட்ஸைப் பொரிக்கிறியா?"

"கம்பியைச் சோதிக்கிறேன்."

"எங்கேர்ந்து எடுத்த கம்பி?"

சொன்னேன். அவன் உட்கார்ந்துவிட்டான். "கண்ட கம்பியையும் சுத்தி இழுக்காதய்யா, அதுல என்ன பூச்சு இருக்கோ. வெர்னாகிட்ட நான் சொல்ல மாட்டேன். ஆனா ஊரே சொல்லும்."

அவனே வீட்டிலிருந்து ஒரு கம்பி உருளை கொண்டுவந்து கொடுத்தான். இரும்பும் குரோமியமும் அலுமினியமும் கலந்த கம்பி, இதற்கென்றே விற்பது, நல்ல தடிமன். போன தடவை சூடு பட்டவன் ஆகையால் நான் இருபது வாட்டில் வைத்தேன். பொத்தானை அமுக்கிக்கொண்டு காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. தடித்த கம்பி காலையில் எழுந்திருக்கும் டுவேன் மாதிரி, கூப்பிட்டால் "இதோ"ன்னு சொல்லும், எழுந்திருக்காது. அத்தனை உலோகத்தையும் சூடாக்க இருபது வாட் எந்த மூலைக்கு. முப்பது, நாற்பது, ஐம்பது என்று ஏற்றினேன். எழுபதில் எழுந்தது. எழுந்த பிறகு உட்கார மறுத்தது. பொத்தானை விட்ட பின்னும் கம்பி சூட்டை வைத்துக்கொண்டு பொரிந்துகொண்டே இருந்தது, ஒரு சொட்டு கொதித்துத் தெறித்து உதட்டில் கொப்புளம். மெல்லிசுக்கு அதிக வாட் கொடுத்தால் எரிகிறது, தடிசுக்குக் குறைத்தால் தூங்குகிறது, கூட்டினால் அடங்க மாட்டேன் என்கிறது. வெப்பக் கம்பியோடு முப்பத்தெட்டு வருஷம் குடித்தனம் நடத்தியும் அதன் குணம் எனக்குப் பிடிபடவில்லை என்பதைக் கொப்புளத்தோடு ஒப்புக்கொண்டேன்.

ஜனவரி கடைசியில் டுவேன் மூன்றாவது கம்பி கொடுத்தான். எவர்சில்வர். "இதுல வாட்டைப் பத்தி நீ கவலைப்படாதே. சூடு ஏற ஏற இந்தக் கம்பியோட மின்தடை ஏறும். பெட்டி அந்த ஏத்தத்தைப் பாத்துக்கிட்டே இருக்கும். இவ்வளவு டிகிரின்னு நீ சொல்லிட்டா, அங்க வந்ததும் கரண்டைக் குறைச்சிரும். உங்க வீட்டு எலக்ட்ரிக் அடுப்பு மாதிரி." அடுப்பு என்று சொன்னதும் எனக்கு உயிர் வந்தது. தொட்டியைத் திருகியதும் பெட்டி "புதுச் சுருளா, பழைய சுருளா?" என்று கேட்டது. கனப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடி "புதுசு" என்று அமுக்கினேன். டிகிரி இருநூற்றைம்பது என்று ஏற்கெனவே இருந்தது. இருநூற்றைம்பது என்பது வெர்னா தட்டுகளை வெதுவெதுப்பாக வைத்திருக்கும் சூடு. சாதுவான எண் என்று நம்பி இழுத்தேன். பஞ்சு கருகியது. இருநூற்று முப்பதுக்கு இறக்கினேன். மறுபடியும் கருகல். இருநூற்று முப்பதில் ரொட்டிகூடச் சிவக்காது அக்கா, பஞ்சு எப்படிக் கருகும்? இருநூறுக்கு இறக்க மனம் ஒப்பவில்லை, அது காப்பிக்கான சூடு, காப்பிச் சூட்டில் என்ன ஆவி வந்துவிடும். திரும்பவும் இருநூற்றைம்பதிலேயே வைத்து, பஞ்சை மாற்றி மாற்றி, ஒரு வாரம் எரிந்த சாக்கையே இழுத்துக்கொண்டிருந்தேன்.

இனி எழுதப்போவது வெர்னாவுக்குத் தெரியாது. பிப்ரவரி நான்காம் தேதி, எழுபத்தோராவது நாள். தூண்டில் பெட்டியின் அடித்தட்டில், மிதவைகளுக்குக் கீழே, நான் ஒரு பாக்கெட் சிகரெட் வைத்திருந்தேன். குடிப்பதற்கு அல்ல, இருக்கிறது என்ற தைரியத்துக்கு. அன்று மூன்றாவது பஞ்சும் கருகியதும் எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது. குடிசைக் கதவைத் திறந்து ஆவிப் பெட்டியைப் பனிக்குள் விட்டெறிந்தேன். ஒரு மணி நேரம் துளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு மீனும் வரவில்லை. பிறகு பாக்கெட்டைப் பிரித்தேன். ஒன்றை எடுத்து உதட்டில் வைத்தேன். அந்தப் புகையிலை வாசனை இருக்கிறதே, உன்னிடம் மறைப்பானேன், எனக்கு அழுகை வந்தது. தீப்பெட்டி இல்லை. கனப்பின் சுடரில் பற்ற வைக்கலாம் என்று முட்டி போட்டேன். சொல்வெய்க்கின் முகம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும், வரவில்லை. உன் சீட்டுதான் கண்ணில் பட்டது. அதையும் தாண்டிக் குனிந்தேன். அப்போது டுவேன் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தான். கையில் என் பெட்டி, பனி உறைந்து வெள்ளையாக.

"இது வெளியில கிடந்துச்சு. உன்னோடது மாதிரி இருக்கேன்னு... வாயில என்ன அது?"

"பத்த வைக்கலை."

"பத்த வைக்கலையா, இன்னும் பத்த வைக்கலையா?"

அவன் கதவைச் சாத்திவிட்டு, வாளியைக் கவிழ்த்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தான். "சரி. ஒரே ஒரு இழுப்பு இதுல இழு. இதுவும் கருகுச்சுன்னா நானே உனக்குப் பத்த வைக்கிறேன். சொல்வெய்க்கிட்டயும் நானே வந்து சொல்றேன்." தொட்டி உறைந்து இறுகியிருந்தது. கழற்றிப் புதுப் பஞ்சு வைத்துத் திருகினோம். விரல் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குச் சில்லென்று இருந்தது. பெட்டி "புதுச் சுருளா?" என்று கேட்டது. எரிச்சலில் "ஆமாம்" என்று அமுக்கினேன். அதே இருநூற்றைம்பது. சிகரெட்டை வாயின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, மறு ஓரத்தில் இழுத்தேன். வெனிலா கஸ்டர்ட், அக்கா. பாட்டிலில் என்ன எழுதியிருந்ததோ அதுவே வந்தது. கருகல் இல்லை, சாக்கு இல்லை, உதட்டைச் சுடவில்லை. இன்னொரு தடவை இழுத்தேன், அதே கஸ்டர்ட். டுவேன் என் வாயிலிருந்து சிகரெட்டை உருவினான், காய்ந்து ஒட்டியிருந்ததால் கொப்புளத்தோடு சேர்ந்து வந்தது. அவ்வளவு நிம்மதியாக ஒரு வலியை நான் அனுபவித்ததே இல்லை. பாக்கெட்டை டுவேன் தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டான். அதை என்ன செய்தான் என்று நான் கேட்கவில்லை.

அன்று ராத்திரியெல்லாம் விழித்துக் கிடக்கவில்லை, நன்றாகத் தூங்கினேன், காலையில் எழுந்ததும் உண்மை புலப்பட்டது. கம்பிக்குக் குளிர் காட்ட வேண்டும். கொல்லன் பழுத்த இரும்பைத் தண்ணீரில் முக்குகிறானே, அதுபோல எவர்சில்வரும் முதலில் நன்றாக விறைத்தால்தான் பிறகு பணிவாக நடந்துகொள்கிறது. அன்றிலிருந்து தினம் காலையில் பெட்டியை ஒரு மணி நேரம் பனியில் புதைத்து எடுத்து, "புதுச் சுருள்" என்று சொல்லி, அதன் பிறகே இழுக்கிறேன். ஒரு நாள்கூடக் கருகவில்லை. இப்படி ஒரு வித்தையை நான் மட்டும் வைத்துக்கொள்வது நியாயமில்லை என்று ஏரியில் ஆவிப் பெட்டி வைத்திருக்கும் ஒன்பது குடிசைக்கும் போய்ச் சொல்லிக் கொடுத்தேன். அதற்கு "ஆர்வில் முறை" என்று பெயரே வைத்துவிட்டார்கள். எப்படி இருக்கிறது என்று கேட்டால், ஒருவர் விடாமல், "வித்தியாசமா இருக்கு"ன்னு சொன்னார்கள்.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி குழந்தை பிறந்தது. பதினைந்து நாள் நான் அவளைக் கூடத்தின் எதிர் மூலையிலிருந்து பார்த்தேன். எல்லோரும் தூக்கினார்கள். லாக்லனின் அம்மா தூக்கினார், பக்கத்து வீட்டுக்காரி கறியும் உருளைக்கிழங்கும் போட்டுச் சுட்ட ஹாட்டிஷ் கொண்டுவந்த கையோடு தூக்கினாள். நான் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு, வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். இருபத்து நான்காம் தேதி காலை எட்டு மணிக்கு, இரண்டு தடவை குளித்து, இஸ்திரி போட்ட சட்டையில் போய் நின்றேன். சொல்வெய்க் என் கோட்டை முகர்ந்தாள், முடியை முகர்ந்தாள், விரலை முகர்ந்தாள். "அப்பா, நிஜமா ஒண்ணுகூட இல்லையா?" என்றாள். "பத்த வைக்கலைம்மா" என்றேன். அந்த வார்த்தையில் அவள் கொஞ்சம் நின்றாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், முட்டி போட்டதுவரை. குழந்தையைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். எட்டு பவுண்டு, இரண்டு அவுன்ஸ். பெயர் மெரெட். நடுப்பெயர் ஒன்றும் உண்டு, ஆனால் அதை ஞானஸ்நானத்தன்று நேரில்தான் உனக்குச் சொல்ல வேண்டும் என்று கட்டளை, என் வாயிலிருந்து வராது. நாற்பது நிமிஷம் என் முழங்கை மடிப்பில் தூங்கினாள். கை மரத்துப்போனது. எடுக்க விடவில்லை.

இப்போது இருமலுக்கு வருகிறேன், ஆர்டிஸ் அக்கா. ஞானஸ்நானம் ஜூன் பதினான்கு. நீ வராமல் நடக்காது. சட்டம் உனக்கும் பொருந்தும், சொல்வெய்க்கிடம் உனக்காக வாதாடினேன், "அத்தைக்கு எழுபத்தொண்ணு ஆகுது"ன்னு சொன்னேன், "அப்ப இன்னும் நல்லா கேட்டுக்கணும்"னு சொல்லிவிட்டாள். இன்றிலிருந்து நூற்று மூன்று நாள். தபால் நான்கு நாளைத் தின்றால் தொண்ணூற்றொன்பது. அதனால் என் ஆவிப் பெட்டியையே இத்துடன் உனக்கு அனுப்புகிறேன், நான் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டேன். எவர்சில்வர் சுருள் ஆறு சுற்றி வைத்திருக்கிறேன். இருநூற்றைம்பதை மாற்றாதே. உங்கள் ஊரில் பனி இல்லாததால், தினம் காலையில் ஃப்ரீசரில் பட்டாணிப் பைக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் வைத்து எடு. இதை மட்டும் தவறாமல் செய். மற்றதெல்லாம் கம்பி பார்த்துக்கொள்ளும்.

உன் முழங்காலுக்கும் எலுமிச்சை மரத்துக்கும் எல்லா நலமும் கிடைக்க, கர்த்தர் உன்னைக் கண்ணின் மணி போலக் காக்க, வெர்னாவும் நானும் வேண்டிக்கொள்கிறோம். வெர்னா இப்போது என்னோடு பேசுகிறாள். புது உலர்த்தி வாங்கியாகிவிட்டது.

என்றும் உன் தம்பி,
ஆர்வில் ஸ்டெனரூட்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடும் நேரத்தில் லாக்லன் வந்தார், தபால் ஆபீசுக்கு எடுத்துப்போக. பெட்டியைப் பொதிவதற்கு முன் ஒரு தடவை இயக்கிப் பார்த்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

"மாமா, இதை எப்பவாவது மாத்துனீங்களா? இது செல்சியஸ்ல இருக்கே."

"எப்பலேருந்து?"

"நான் குடுத்த நாள்லேருந்து. நான் கனடாக்காரன் மாமா. அன்னிக்கு அதைத்தான் சொல்ல வந்தேன். நீங்க கம்பி சுத்தின கதை சொன்னீங்க."

அவர்கள் இருநூற்றைம்பது நம் ஊர் ஃபாரன்ஹீட் கணக்கில் நானூற்று எண்பத்திரண்டாம். பிட்சா சுடும் சூடு. பஞ்சு கருகாமல் என்ன செய்யும். பனிவித்தையும் வித்தையில்லையாம். சுருள் அறைச் சூட்டில் இருக்கும்போதுதான் "புதுசு" என்று சொல்ல வேண்டுமாம். விறைத்த கம்பியைக் காட்டிச் சொன்னதால், அதுதான் அறைச் சூடு என்று பெட்டி எடுத்துக்கொண்டு, கணக்கில் அதிகச் சூடு காட்டி, பாதி வழியிலேயே கரண்டைக் குறைத்துவிட்டது. ஒரு தப்பு சூட்டை ஏற்ற, இன்னொரு தப்பு இறக்க, நடுவில் எனக்குக் கஸ்டர்ட் கிடைத்திருக்கிறது. ஏரியில் ஒன்பது பேர் ஃபாரன்ஹீட் பெட்டியைப் பனியில் புதைத்து ஒரு மாதமாக வெதுவெதுப்பான காற்றை இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். "வித்தியாசமா இருக்கு" என்பதற்கு நம் ஊரில் என்ன அர்த்தம் என்று உனக்கும் எனக்கும் தெரியும். என் காதுக்கு மட்டும் அது அன்று பாராட்டாக விழுந்தது. நாளைக்குக் குடிசை குடிசையாக மன்னிப்புக் கேட்கப் போக வேண்டும்.

ஆகவே பட்டாணிப் பக்கம் போகாதே. பெட்டியை ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றி நானூறில் வைத்திருக்கிறார் லாக்லன், எதையும் தொடாதே. கம்பி, வாட், குளிர் என்று மேலே நான் எழுதியதையெல்லாம் அடித்துவிடு. குழந்தை என் கையில் தூங்கிய பத்தியை மட்டும் விட்டு வை. வாயைத் திறக்க மாட்டேன் என்று எழுதியதையும் அடித்துவிடு, ஏனென்றால் உனக்கு இருப்பது ஒன்பது நாள் சலுகைதான், உன்னையும் எனக்குத் தெரியும். குழந்தையின் முழுப்பெயர் மெரெட் ஆர்டிஸ்.